கணினியிடம் இறக்கை கேட்பது எப்படி

2006 பிப்ரவரியில் பிரான்சின் துலூஸ் நகரில் ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இறக்கையை வேண்டுமென்றே வளைத்து உடைத்தார்கள். அந்த விமானம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிகப்பெரிய சுமையை 1 என்று கொண்டால், 1.5 வரை இறக்கை தாங்கவேண்டும் என்பது சான்றளிப்பு விதி. அது 1.45-இல் முறிந்தது. செய்திகளில் இது தோல்வியாக வந்தது. துறைக்குள் இருப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு பாராட்டுப் பத்திரம். குறி தப்பியது மூன்று சதவீதச் சொச்சம் என்றால், தேவைக்கு மிஞ்சிய உலோகம் அந்த இறக்கையில் ஏறக்குறைய எங்குமே இல்லை என்று பொருள். சுமார் 30 கிலோ வலுவூட்டலோடு சரிசெய்து, அதே ஆண்டு டிசம்பரில் விமானம் சான்றிதழ் பெற்றுவிட்டது. 1995-இல் போயிங் 777-இன் இறக்கை 1.54-இல் உடைந்ததையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். 1.9 வரை தாங்கியிருந்தால் வடிவமைத்தவர்களைத்தான் கேள்வி கேட்டிருப்பார்கள். அந்த அதிகப்படி வலுவின் எடையை ஒவ்வொரு பயணத்திலும் எரிபொருள் செலவழித்துச் சுமக்கவேண்டுமே!

இவ்வளவு நெருக்கமாகக் கத்தி போடும் கலைக்குக் கட்டமைப்பு உகப்பாக்கம் என்று பெயர். போதுமான வலு, போதுமான விறைப்பு, ஆனால் மிகக் குறைந்த எடை. இதைக் கணினியில் தேடிக் கண்டுபிடிக்கிறவர்களில் கணிசமானோர் இன்று பெங்களூருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏர்பஸ் 2007 முதல் இங்கே பொறியியல் மையம் நடத்துகிறது. போயிங் 2024 ஜனவரியில் தேவனஹள்ளி அருகே தன் பெரிய வளாகத்தைத் திறந்தது. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை இருந்தது, இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சி-யின் வானூர்திப் பொறியியல் துறை இருந்தது, 1959-இல் டெல்லியில் தொடங்கி அடுத்த ஆண்டே இங்கு வந்துசேர்ந்த வானூர்தி ஆய்வு நிறுவனமான என்ஏஎல் இருந்தது. முருகேஷ்பாளையத்தில் ஒரு சாலைக்கே விண்ட் டனல் ரோடு என்றுதான் பெயர். அல்சூரிலிருந்து விமானபுரம் வரை, அப்பா எச்ஏஎல் பட்டறையில் ஃபிட்டர், மகள் ஏதோவொரு நிறுவனத்தில் ஸ்ட்ரெஸ் இன்ஜினியர் (பாகங்கள் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடுபவர்) என்று இரண்டு தலைமுறையாக விமானத்தால் சோறு உண்ணும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: “எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்தானே செய்கிறது, உனக்கு அங்கே என்னம்மா வேலை?”

நியாயமான கேள்வி. என் பதில் இது: கணினி விடையைத் தேடுகிறது, கேள்வியை எழுதுவது மனிதர்கள். கேள்வியில் ஒரு நிபந்தனை விட்டுப்போனால், விடை மிகச் சரியாக அந்த ஓட்டை வழியாக வெளியேறும். எப்படி என்று பார்ப்பதற்கு முன், இறக்கைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை.

பயணிகள் விமானத்தின் இறக்கை வெளியே வழவழப்பான ஒரே பொருள்போலத் தெரிந்தாலும் உள்ளே அது ஒரு நீண்ட பெட்டி. உடலிலிருந்து நுனிவரை ஓடும் செங்குத்தான உத்தரங்கள் ஸ்பார்கள்; பெரும்பாலும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. அவற்றைக் குறுக்கே இணைத்து இறக்கையின் வளைந்த வடிவத்தைக் காப்பவை ரிப் எனப்படும் விலாக்கள். மேலும் கீழும் மூடும் தகடு ஸ்கின். அந்தத் தகடு நெளியாமலிருக்க உட்புறம் நெடுக ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகள் ஸ்ட்ரிங்கர்கள். பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. அப்போது கீழ்த் தகடு இழுபடுகிறது, மேல்தகடு நசுக்கப்படுகிறது. இந்த வளைப்பு நுனியில் சுழி, உடலோடு சேரும் அடியில் உச்சம். ஆகவே தகடு அடியில் தடிமனாகவும் நுனியில் மெல்லியதாகவும் இருக்கும். எரிபொருளை இறக்கைக்குள் ஊற்றுவதும் இன்ஜினை இறக்கையில் தொங்கவிடுவதும் இடவசதிக்காக மட்டும் அல்ல. அவற்றின் எடை கீழே இழுத்து, காற்றின் வளைப்பைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

இறக்கை தடிமனாக இருந்தால் கட்டமைப்புக்கு நல்லது. மேல்தகடும் கீழ்த்தகடும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு குறைந்த விசையில் வளைப்பைச் சமாளிக்கலாம். காற்றியலுக்கோ, அதிலும் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, மெல்லிய இறக்கைதான் வேண்டும். இந்தச் சண்டை தீர்வதே இல்லை.

இந்தப் பெட்டியில் எங்கே எவ்வளவு விசை ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே குறைக்கலாம் என்று தெரியும். நேரான, நீண்ட இறக்கைக்குப் பழைய உத்தரக் கோட்பாடே போதுமானது. 1950களில் ஜெட் விமானங்களுக்காக முக்கோண இறக்கைகள் வந்தபோது அது காலைவாரியது. போயிங்கில் இருந்த ஜான் டர்னர், கோடைக்காலப் பணிக்கு வந்த பெர்க்லி பேராசிரியர் ரே கிளஃபிடம் அந்தச் சிக்கலை ஒப்படைத்தார். அதிலிருந்து பிறந்த 1956-ஆம் ஆண்டுக் கட்டுரைதான், ஒரு கட்டமைப்பைச் சின்னஞ்சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விறைப்பையும் கூட்டி முழுமையைக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறைக்கு அடித்தளமிட்டவற்றுள் முக்கியமானது. இன்று பாலம், அணை, பல்வேர் என எல்லாவற்றுக்கும் பயன்படும் இந்த முறை முக்கோண இறக்கை ஒன்றின் பிடிவாதத்தால் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூரு வானத்தில் 2001 ஜனவரி 4 அன்று முதலில் பறந்த தேஜஸ் போர்விமானத்தின் இறக்கையும் முக்கோணம்தான்.

கணக்கிடத் தெரிந்துவிட்டால் அடுத்தது தேடல். இதில் மூன்றைச் சொல்லவேண்டும். எதையெல்லாம் மாற்றலாம்: தகட்டுத் தடிமன், ஸ்ட்ரிங்கரின் உயரம், விலாக்களின் இடைவெளி. எதைக் குறைக்கவேண்டும்: பொதுவாக எடை. எதையெல்லாம் மீறக்கூடாது: தகைவு (பொருளின் ஒவ்வொரு சிறு பரப்பிலும் ஏறும் விசை), வளைவு, இன்ன பிற. இந்த மூன்றாவதுதான் உயிர். துணி மிச்சமாகவேண்டும் என்று மட்டும் தையற்காரரிடம் சொல்லி, போட்டுக்கொண்டு உட்காரவும் வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால், அவர் தைத்துத் தருவது சொன்னதற்குச் சரியாகத்தான் இருக்கும். மனிதத் தையற்காரர் நம் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார். கணினி கேட்காது.

கணினிக்கு முந்தைய காலத்தில் பொறியாளர்கள் ஓர் எளிய வழியை நம்பினார்கள். ஒவ்வொரு பாகமும் குறைந்தது ஒரு சுமையிலாவது தன் முழு வலுவையும் பயன்படுத்தும்படி மெலித்துக்கொண்டே வந்தால், அதுவே மிக இலேசான வடிவம் என்பது அந்த நம்பிக்கை. கேட்க மிகச் சரியாகத்தான் இருக்கிறது. 1960-இல் லூசியன் ஷ்மிட் என்ற அமெரிக்கர் மூன்றே மூன்று கம்பிகள் கொண்ட ஒரு சட்டகத்தை எடுத்து, பல சுமைகள் மாறிமாறி வரும்போது இது உண்மையாகவேண்டியதில்லை என்று காட்டினார். ஒரு கம்பி முழுவலுவையும் எட்டாமல் சும்மா இருப்பதுபோல் நின்றாலும் மொத்த எடை குறையலாம். மூன்று கம்பிக்கே உள்ளுணர்வு ஏமாறும் என்றால், ஆயிரக்கணக்கான பாகங்களும் நூற்றுக்கணக்கான சுமைநிலைகளும் கொண்ட இறக்கையில் அதை நம்ப முடியுமா? நவீனக் கட்டமைப்பு உகப்பாக்கம் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம்.

தேடுவதற்குக் கணினி சரிவைப் பார்க்கிறது: இந்தத் தகட்டைக் கொஞ்சம் மெலித்தால் எடை எவ்வளவு குறையும், தகைவு எவ்வளவு ஏறும்? பத்தாயிரம் தடிமன்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்க்கப் பத்தாயிரம் முறை முழு இறக்கையையும் கணக்கிடவேண்டும். இதைத் தவிர்க்க அட்ஜாயின்ட் என்ற கணித உபாயம் உண்டு. ‘இதை மாற்றினால் என்ன ஆகும்’ என்று ஒவ்வொரு பாகத்திடமும் போய்க் கேட்காமல், விளைவிலிருந்து பின்னோக்கி நடந்து, ஒரே கூடுதல் கணக்கில் பத்தாயிரம் சரிவுகளையும் தந்துவிடும். ஆனால் அது விளைவு ஒன்றுக்கு ஒரு கணக்கு. இறக்கையில் தகைவை லட்சம் இடங்களில் சோதிக்கவேண்டுமென்றால் நிபந்தனைகளும் லட்சம், ஆதாயம் கைநழுவிவிடும். அதனால் அந்த லட்சத்தையும் ஒரே வழுவழுப்பான சார்புக்குள் அமுக்குகிறார்கள். கிரைசல்மையர், ஸ்டைன்ஹவுசர் என்ற இரு ஜெர்மானியர்கள் 1979-இல் வெளியிட்ட சூத்திரம் இதற்கு இன்றும் ஓடுகிறது. ‘எல்லா இடத்திலும் பாதுகாப்பு’ என்பது ‘மோசமான இடத்தில் ஏறக்குறைய பாதுகாப்பு’ என்று மாறுவதைக் கவனியுங்கள். எவ்வளவு இறுக்கமாக அமுக்குவது என்பதற்கு ஓர் எண் உண்டு. தளர்வாக வைத்தால் இறக்கை வீணாகக் கனக்கும், இறுக்கினால் தேடல் தடுமாறும். இந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை, அனுபவம்தான்.

இனி, மீறக்கூடாதவற்றின் பட்டியல். தகைவை மட்டும் நிபந்தனையாக வைத்தால் கணினி மேல்தகட்டைத் தாள்போல் மெலித்துவிடும். நசுக்கும் விசையில் மெல்லிய தகடு உடைவதற்கு வெகுமுன்பே நெளிந்து மடங்கும். இதைத்தான் பக்லிங் என்கிறார்கள். சரி, அதையும் சேர்க்கலாம். இங்கேதான் எனக்குப் பிடித்த பொறி ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரிங்கர்களுக்கு இடையே தகடு மட்டும் நெளிவது ஒருவிதம், ஸ்ட்ரிங்கரோடு சேர்ந்து முழுப் பலகையும் நெளிவது இன்னொருவிதம். கணினி எடையைக் குறைத்துக்கொண்டே போய், இரண்டும் ஒரே சுமையில் நிகழும் புள்ளியில் நிற்கும். கணக்குப்படி அதுதான் உச்சம். ஆனால் டச்சு அறிஞர் வார்னர் கொய்ட்டரின் வழிவந்த ஆய்வுகள் காட்டியது என்னவென்றால், இரண்டு நெளிவுகளும் ஒரே சுமையில் சந்திக்கும்போது தகட்டில் கண்ணுக்குத் தெரியாத சிறு கோணல் இருந்தாலே தாங்கும் திறன் சட்டென்று சரிந்துவிடும். கோணலே இல்லாத தகட்டை எந்தத் தொழிற்சாலையும் செய்ததில்லை. ஆகவே அனுபவமுள்ளவர்கள் இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி வைப்பார்கள். உகப்பாக்கத்தின் உச்சியிலிருந்து தெரிந்தே ஓரடி கீழிறங்கி நிற்பது!

அடுத்தது ஃபிளட்டர். காற்றின் விசையும் இறக்கையின் வளைவும் முறுக்கும் ஒன்றையொன்று தூண்டிவிட, அதிர்வு கட்டுக்கடங்காமல் பெருகி இறக்கையையே பிய்த்தெறியும் நிலை அது. வலுவை மட்டும் பார்த்து மெலித்த இறக்கை விறைப்பை இழந்து, ஃபிளட்டர் தொடங்கும் வேகத்தைக் கீழே கொண்டுவந்துவிடும். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடலான ஏலெரானைக் கீழே தள்ளினால் இறக்கை உயர்வதற்குப் பதில் முறுக்கிக்கொண்டு தாழும் ‘தலைகீழ் ஆளுகை’யும் விறைப்புக் குறைவால் வருவதுதான். முன்னோக்கிச் சாய்ந்த இறக்கைக்கு வேறொரு வினை. மேலே வளைந்தால் நுனி மேலும் நிமிரும், நிமிர்ந்தால் தூக்குவிசை கூடும், கூடினால் மேலும் வளையும், இப்படியே போய் முறிந்துவிடும். உலோகத்தில் இதைத் தடுக்க எடையைக் கொட்டவேண்டியிருந்ததால் பல காலம் யாரும் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. 1984 டிசம்பரில் பறந்த அமெரிக்காவின் எக்ஸ்-29 வேறு வழி கண்டது. கார்பன் இழைகளைக் குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்து அடுக்கி, வளையும்போதே நுனி கீழ்நோக்கி முறுக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். எடையைக் கூட்டாமல், திசையை மாற்றிச் சமாளித்தது அது.

கார்பன் இழைக் கூட்டுப்பொருள் வந்தபின் கேள்வி எழுதும் வேலை பலமடங்காகிவிட்டது. தேஜஸின் கட்டமைப்பு எடையில் சுமார் 45 சதவீதம் இந்தப் பொருள். வெளிப்பரப்பில் பெரும்பகுதியும் இதுதான். உலோகத் தகட்டுக்குத் தடிமன் ஒன்றே எண். இங்கே மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதியே கனமுள்ள படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 90, கூட்டல் 45, கழித்தல் 45 என்று நான்கு கோணங்களில் ஒன்று. நாற்பது படலங்கள், மேல்பாதியும் கீழ்ப்பாதியும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் இருபது தேர்வுகள். நான்கை இருபது முறை பெருக்கிப் பாருங்கள், ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். அதுவும் ஓர் இடத்துக்கு மட்டும். பக்கத்து இடத்தில் படலங்கள் குறைந்தால், எது எங்கே முடிகிறது என்பதில் தொடர்ச்சி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுக்குவதே இயலாது. நான்கில் ஒன்று என்ற தேர்வுக்குச் சரிவு இல்லை; 37.2 டிகிரி என்று கணினி சொன்னால் அதற்குக் கடையில் சரக்கு இல்லை. அதனால் முதலில் சராசரி விறைப்புகளைச் சரிவுவழி கண்டுபிடித்து, பிறகு அதற்கு மிக நெருங்கிய அடுக்கை பல விடைகளைக் கலந்து மாற்றி நல்லவற்றை மட்டும் வளர்க்கும் மரபணு நெறிமுறைபோன்ற தேடல்களால் பிடிக்கிறார்கள். தேஜஸை வடிவமைத்த பெங்களூருவின் ஏடிஏ நிறுவனம் அந்தக் காலத்தில் ஆட்டோலே என்று கூட்டுப்பொருள் வடிவமைப்புக்கே தனி மென்பொருள் எழுதியதன் பின்னணி இதுதான். கணக்குக்கும் படலம் வெட்டும் மேசைக்கும் நடுவே அவ்வளவு தூரம்.

மேசை என்றதும் நினைவுக்கு வருகிறது. எச்ஏஎல்லில் வேலைசெய்து ஓய்வுபெற்ற அல்சூர்க்காரர் ஒருவரிடம், உகப்பாக்கத்தில் வந்த அழகான விலா ஒன்றின் படத்தைக் காட்டினேன். கொடிபோலப் பின்னிய வடிவம். சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. இந்த மூலையில் ரிவெட் அடிக்கக் கை போகுமா?” போகாது. இறக்கைப் பெட்டிக்குள் ஆள் நுழையவும் விரிசல் தேடவும் துளைகள் வேண்டும், ஒவ்வொரு துளையும் தகைவைக் கூட்டும், ஆனால் துளை இல்லாத இறக்கைக்கு யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள். அவர் கேட்டது ஒரு நிபந்தனை. சமன்பாட்டில் எழுத மிகக் கடினமான வகை.

அந்தக் கொடி வடிவங்கள் வருவது டோபாலஜி உகப்பாக்கத்திலிருந்து. இதில் ஸ்பார், விலா என்ற முன்முடிவே கிடையாது. ஒரு வெற்றிடத்தைக் கொடுத்து, எங்கே பொருள் வைக்கலாம், எங்கே வெறுமை என்று கணினியிடமே விட்டுவிடுவது. மிகக் குறைந்த பொருளில் சட்டகம் எப்படி அமையும் என்று மெல்போர்ன் பொறியாளர் மிச்செல் 1904-இலேயே தாளில் எழுதிக் காட்டியிருந்தார். அதைக் கணினிக்கு ஏற்றதாக்கிய திருப்புமுனை 1988-இல் பெண்ட்சோ, கிக்குச்சி இருவரின் கட்டுரை. ஏ380 இறக்கையின் முன்விளிம்பு விலாக்களில் இதைப் பயன்படுத்தி விமானத்துக்குச் சுமார் 500 கிலோ மிச்சப்படுத்தினார்கள். ஆனால் கணினி தந்த வடிவத்தை அப்படியே வெட்டவில்லை. அதைக் கோடுகளாக வாசித்து, கடைசலுக்கு ஏற்ற நேரான உறுப்புகளாகத் திருத்தி, பக்லிங்கை மறுபடி சோதித்து, பிறகே செய்தார்கள். 2017-இல் டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு முழு இறக்கையையே இப்படிக் கேட்டது. சுமார் 110 கோடிக் கனசதுரத் துண்டுகள், ஆயிரக்கணக்கான கணிப்பிகள் சேர்ந்த மீத்திறன் கணினி, நாள்கணக்கில் ஓட்டம். வந்த விடையில் வளைந்த ஸ்பார்களும் பறவை எலும்பின் உட்புறம்போன்ற பின்னல்களும் இருந்தன. இறக்கை எடையில் 2 முதல் 5 சதவீதம் மிச்சமாகலாம் என்றார்கள். எனக்கு வியப்பளித்தது வேறு. அத்தனை சுதந்திரம் கொடுத்தும் மிச்சம் ஒற்றை இலக்கச் சதவீதம்தான் என்றால், ஸ்பாரையும் விலாவையும் கையால் கண்டுபிடித்த பழையவர்கள் எவ்வளவு அருகே வந்திருந்தார்கள்! அப்படியொரு இறக்கையை அச்சிட இயந்திரம் இன்னும் இல்லை என்பது தனி விஷயம்.

இதுவரை எடைதான் இலக்கு என்று பேசினோம். அதையும் கேள்வி கேட்கலாம். நுனியிலிருந்து நுனிவரையான அகலம் நிலையாக இருந்தால், தூக்குவிசை நீள்வட்டமாகப் பரவும் இறக்கைக்கே காற்றுத்தடை குறைவு என்பது பாடப்புத்தகம். அந்தக் கோட்பாட்டின் தந்தையான ஜெர்மன் அறிஞர் பிராண்டில் 1933-இல் கேள்வியை மாற்றினார். அகலத்துக்குப் பதில் கட்டமைப்பு எடையை நிலையாக வைத்தார். விடை மணிவடிவப் பரவலாக மாறியது: நுனியில் சுமையைக் குறைத்து, இறக்கையை 22 சதவீதம் நீட்டி, 11 சதவீதம் தடையைக் குறைக்கலாம். இறக்கை எது சிறந்தது என்பது எதைப் பிடித்துவைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்று காற்றோட்டக் கணக்கையும் கட்டமைப்புக் கணக்கையும் ஒன்றோடொன்று பிணைத்து, எடைக்குப் பதில் எரிபொருளையே குறைக்கும்படி கேட்பதன் வேர் இதில் இருக்கிறது. என்ஏஎல் 1986-இல் ஃப்ளோசால்வர் என்று இந்தியாவின் முதல் இணைச் செயலாக்கக் கணினியைக் கட்டத் தொடங்கியது காற்றோட்டக் கணக்குகளுக்குத்தான். ஐஐஎஸ்சி-யில் 2022-இல் நிறுவிய பரம் பிரவேகா மீத்திறன் கணினி 3.3 பெட்டாஃப்ளாப், அதாவது நொடிக்கு மூவாயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் செய்யும் திறனுடையது. எந்திரம் பஞ்சமாக இருந்த காலம் போய்விட்டது.

நல்ல எந்திரம் இருந்தும் நழுவும் இடம் எது என்றால், மாதிரியில் கோடாக வரைந்துவிட்டுக் கடந்துபோகும் மூலைகள். 2009-இல் போயிங் 787-இன் இறக்கையைத் தரையில் வளைத்துப் பார்த்தபோது, இறக்கை உடலோடு சேரும் இடத்தில், மேல்தகட்டின் ஸ்ட்ரிங்கர்கள் முடியும் நுனிகளில் படலங்கள் பிரிந்தன. முழு இறக்கையின் கணக்கு பிசகவில்லை. கையகல மூலையில் சுமை குவிந்தவிதம் கணித்ததைவிட அதிகம். நுனிகளை வெட்டித் திருத்தி வலுவூட்ட, முதல் பறப்பு அந்த ஆண்டு டிசம்பருக்குத் தள்ளிப்போனது. கோடிக்கணக்கான கூறுகளில் கணக்கிட வசதியிருந்தும் இப்படி நடப்பது முரணல்ல. உகப்பாக்கி சுமையை எங்கே அனுப்பலாம் என்று தேடிக்கொண்டே இருக்கிறது. மாதிரி கரடுமுரடாக இருக்கும் மூலையில் தகைவு குறைவாகத் தெரிந்தால், அதற்கு அந்த மூலைதான் இலவசப் பாதை.

பெங்களூருவில் இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களுக்குப் பெரிய எந்திரமோ விலையுயர்ந்த மென்பொருளோ வேண்டியதில்லை. டென்மார்க்கின் ஓலே சிக்மண்ட் 2001-இல் டோபாலஜி உகப்பாக்கத்தை 99 வரி நிரலாக எழுதி வெளியிட்டார், பழைய மடிக்கணினியிலும் ஓடும். நாசா தொடங்கிய உகப்பாக்க மென்பொருளான ஓப்பன்எம்டிஏஓ இலவசம்; அதன்மேல் எழுதிய ஓப்பன்ஏரோஸ்ட்ரக்ட் சிறிய இறக்கை ஒன்றைக் காற்றோடும் கட்டமைப்போடும் சேர்த்து நிமிடங்களில் தேடித்தரும். ஓட்டிப் பார்ப்பவர்கள் நல்ல விடை வந்ததும் நிறுத்திவிடாமல், நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி ஓட்டலாம். விடை மாறவேயில்லை என்றால், அந்த நிபந்தனை அந்த இறக்கையைத் தொடவே இல்லை. எதை நீக்கியதும் எடை சரசரவென்று இறங்குகிறதோ, அந்த நிபந்தனையை யார், எந்த ஆதாரத்தில் எழுதினார்கள் என்று முதலில் விசாரிக்கவேண்டும்.